ஆணிக்கு ஒரு வேலை

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாரும் அவரை வேறு விதமாகக் கூப்பிடவில்லை. காய்கறிக்காரருக்கும் தபால்காரருக்கும் மாடிப்படி பெருக்குகிறவளுக்கும் அவர் சிஸ்டர்தான். கூடப் பிறந்த தம்பி மட்டும் அக்கா என்பான். ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால் 'அக்காவ்' என்று இழுப்பான்.

ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டில் தரை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, படித்து, பரீட்சை எழுதி, கடைசியில் அதே வார்டுக்குத் தலைமை சிஸ்டராக உட்கார்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "வார்டு நெறைய ஆம்பளைங்க. அத்தனை பேரும் சூப்பு ஆறிப்போச்சுன்னு அழுவாங்க. வீட்டுக்கு வந்து இன்னொருத்தர் அழறதையும் கேக்கணுமா?" என்பார். கேட்டவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

குரலை உயர்த்திப் பேசி அவரை யாரும் பார்த்ததில்லை. வார்டு வாசலில் வந்து சும்மா நிற்பார். சீட்டு விளையாடுகிற கைகள் தானாகப் போர்வைக்குள் போய்விடும். தூங்குவது போல நடிக்கிறவனை மூச்சை வைத்தே கண்டுபிடித்து, "கண்ணைத் தெற, மருந்து காத்திருக்கு" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும், பின்பக்கம் கடை முற்றத்தைப் பார்த்த ஒரு பால்கனியும் வாடகைக்கு எடுத்திருந்தார். வந்ததும் மருந்து அலமாரியை ஒழுங்குபடுத்தினார். பிறகு துணி அலமாரியை. பிறகு திரும்பவும் மருந்து அலமாரியை. படுக்கை விரிப்பின் மூலைகளை ஆஸ்பத்திரி முறைப்படி மடித்துச் செருகுவார். படுக்க ஆள் தன்னைத் தவிர யாருமில்லை என்பதால் அதில் பெரிய சுவாரசியம் இல்லை. கை சும்மா இருந்தால் அவருக்கு மேலெல்லாம் அரிக்கிற மாதிரி இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தம்பி படியேறி வந்தான். கக்கத்தில் ஒரு நாய்.

"அக்காவ்," என்றான்.

"வேண்டாம்," என்றார் சிஸ்டர்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே."

"கக்கத்துல இருக்கறது சொல்லுது."

தம்பி அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நாய் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊர் ஊராகச் சுற்றியது. லாரி நிற்கிற கிடங்குகளில் எல்லாம் இறங்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். இப்போது அவனுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்திருந்தது. கப்பலில் நாய்க்கு இடமில்லை.

"உனக்குத்தான் வியாதிக்காரங்களைப் பாத்துப் பழக்கமாச்சேக்கா."

"இதுக்கு என்ன வியாதி?"

"வியாதியெல்லாம் இல்ல. கொஞ்சம் சுறுசுறுப்பு, அவ்ளோதான்."

அந்தக் கொஞ்சம் சுறுசுறுப்பு அதற்குள் கக்கத்திலிருந்து குதித்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து, அலமாரிக்குப் பின்னால் வெளிப்பட்டு, சமையலறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிஸ்டரின் செருப்பு ஒன்றைக் கவ்விக்கொண்டு நடு அறையில் வந்து நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லை. கம்பி கம்பியாக முடி. மோவாயில் தாடி. வால் மட்டும் கைப்பிடி மாதிரி நேராக மேலே நின்றது. டெரியர் என்று தம்பி சொன்னான்.

"பேரு?"

"ஆணி."

"இது என்ன பேரு?"

"ஒரு இடத்துல எறங்கிடுச்சுன்னா புடுங்க முடியாதுக்கா," என்று சொல்லிவிட்டு, அக்கா மனசு மாறுவதற்குள் தம்பி படியிறங்கிவிட்டான். நாயின் பையையும் ஊசி போட்ட அட்டையையும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்தானே என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார்.

புதிதாக ஒரு ஆள் வார்டுக்கு வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். முதலில் உடம்புச் சூடு. தெர்மாமீட்டரை வாயில் வைத்தால் கடித்துவிடும் என்பதால், வேறு எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தார். வார்டில் பார்க்காததா? ஆணி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. மானமுள்ள எவரும் பார்க்கிற பார்வைதான் அது.

பாதரசம் நூற்றியொன்றைத் தாண்டி நின்றது.

"பாவம், காய்ச்சலோட வந்திருக்கு," என்றார் சிஸ்டர்.

காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரையை இழுத்து விட்டார். மூலையில் போர்வை மடித்துப் படுக்கை போட்டார். நெற்றியில் ஈரத்துணி. வேளைக்கு வேளை நீர்க்கஞ்சி. வெளியே போவது அவசரத்துக்கு மட்டும். உடனே திரும்பிப் படுக்கை. யாரும் வந்து பார்க்கக் கூடாது.

நன்றாக இருக்கிற ஒரு நாயைப் படுக்கப்போட்டுக் கஞ்சி ஊற்றினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. முதலில் ஈரத்துணி கிழிந்தது. பிறகு தலையணை. மறுநாள் சிஸ்டர் குளித்துவிட்டு வந்து பார்த்தால், நாற்காலி மெத்தையில் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு ஆணி பின்னங்காலால் பஞ்சை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் பனி பெய்த மாதிரி இருந்தது. பின் முற்றத்தில் மாவு மூட்டை ஒன்று அசைந்தால் போதும், ஜன்னலில் ஏறி நின்று தொண்டை கிழியக் குரைத்தது.

தெர்மாமீட்டர் அப்போதும் நூற்றியொன்றுக்கு மேல்தான் காட்டியது.

"ஜுர வேகத்துல பிதற்றுது," என்று தீர்மானித்து, சிஸ்டர் கஞ்சியை இன்னும் நீர்க்கக் கரைத்தார்.

கீழே ரொட்டிக்கடை முதலாளிதான் வீட்டுக்கும் சொந்தக்காரர். புருவத்திலும் மீசையிலும் எப்போதும் வெள்ளை படிந்திருப்பதால் தெருவில் அவருக்கு மாவு என்று பெயர். அவருக்கு அது தெரியாது என்று தெருவும், தெரியாத மாதிரி அவரும் நடந்துகொண்டார்கள். அவர் மேலே ஏறி வந்தார்.

"சிஸ்டர், மேல ஆளு வச்சு ஏதாவது இடிக்கிறீங்களா?"

"நாய்க்கு ஜுரம்."

"ஜுரம் வந்தா படுக்கும் சிஸ்டர். இது என் தலைக்கு மேல குதியாட்டம் போடுது. காரை பேந்து பன்னு மேல விழுது. நேத்து ஒருத்தர் வந்து, இது என்ன முதலாளி, பன்னுல சுண்ணாம்பு தடவி விக்கிறீங்களான்னு கேக்கறாரு."

"இன்னும் நாலு நாள்ல தேறிடும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள அதை எங்கயாவது அனுப்பிடுங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எத்தனை வருஷம் வேணா இருங்க. அது கூடாது."

சிஸ்டர் தம்பிக்குப் போன் போட்டார். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தது.

"கவலைப்படாதக்கா," என்றான் தம்பி. "எனக்குத் தெரிஞ்ச பண்ணைக்காரர் ஒருத்தர் இருக்காரு. நாய் வேணும்னு கேட்டுட்டிருந்தாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டியோட வரச் சொல்றேன்."

"அங்க அதுக்கு என்ன வேலை?"

"என்ன வேலை, வாசல்ல கட்டிப் போட்டு வச்சிருப்பாரு."

கட்டிப் போடுவது என்ற பேச்சு சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. எத்தனை முரட்டு ஆள் வந்தாலும் அவர் வார்டில் ஒருவனைக்கூடக் கட்டிலோடு கட்ட விட்டதில்லை. கட்டினால் முரடு கூடும், குறையாது. போனை வைத்துவிட்டுத் திரும்பினார். ஆணி அவருடைய இரண்டாவது செருப்பின் மேல் தாடியை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தது. அனுப்புவதானாலும் ஜுரத்தோடு அனுப்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனார்.

டாக்டர் கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டிருக்கிற பெண். நாயின் பல், காது, கண், வயிறு எல்லாவற்றையும் பார்த்தார். தெர்மாமீட்டரும் வைத்தார்.

"நூத்தியொண்ணரை."

"பாத்தீங்களா டாக்டர்? நாலு நாளா எறங்கவே இல்ல."

டாக்டர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "சிஸ்டர், நாய்க்கு அதுதான் நார்மல்."

ஆணி மேசையில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"கஞ்சி," என்றார் சிஸ்டர், குரல் கொஞ்சம் இறங்கி.

"நடக்கக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"படுக்கையிலதான் வச்சிருக்கேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிஸ்டரும் ஒரு நிமிஷம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் சிரித்துவிட்டார். ஒருவனுக்கு இல்லாத வியாதிக்கு இத்தனை சிரத்தையாக வைத்தியம் செய்தது அவர் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

"இது மடியில உக்கார வச்சுக்கற ரகம் இல்ல சிஸ்டர்," என்றார் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொந்துல புகுந்து எலி புடிக்கிறதுக்குன்னே வளத்த ரகம். உருவம் சின்னது, தைரியம் பெருசு. பிடிவாதமும் பெருசு. நாலு சுவத்துக்குள்ள சும்மா வச்சா அதுவே ஒரு வேலையைத் தேடிக்கும், அந்த வேலை உங்களுக்குப் பிடிக்காது. இதுக்கு ஜுரம் இல்ல. உத்தியோகம் இல்ல. அவ்ளோதான்."

அந்த வியாதி எப்படி இருக்கும் என்று சிஸ்டருக்குத் தெரியும். திரும்பத் திரும்ப ஒழுங்குபடுத்திய மருந்து அலமாரி வீட்டில் இருந்தது.

டாக்டர் மற்ற விஷயங்களையும் சொன்னார். எலிக்காய்ச்சல் ஊசி உட்பட எல்லாம் தம்பி போட்டிருக்கிறான். முடிக்கு மெஷின் போடக் கூடாது, கத்தரிக்கவும் கூடாது. கத்தரித்தால் பஞ்சு மாதிரி ஆகி, அழுக்கும் தண்ணீரும் தோல்வரை இறங்கிவிடும். முற்றிக் காய்ந்த முடியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்க வேண்டும். வளர்கிற பக்கமாகவே இழுத்தால் வலிக்காது. காதையும் கால்விரல் இடுக்கையும் தினம் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை ஒரே தடவை சொல்ல வேண்டும். பத்துத் தடவை கத்தினால் பத்தாவது தடவைக்குத்தான் கேட்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் சிஸ்டர். "ஆம்பளை வார்டு."

அன்றைக்கே கஞ்சி நின்றது. இறைச்சியும் சோறும் அளவாக வந்தன. விடிந்ததும் ஒரு நீண்ட நடை, சாயங்காலம் இன்னொன்று. ஆணியின் கால்கள் குட்டை என்றாலும் சிஸ்டர்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. மிச்சமிருந்த நாற்காலி மெத்தை பிழைத்தது. புதுத் தலையணை பிழைத்தது. ஆனால் பின்பக்கம் பார்த்துக் குரைப்பது மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இருட்டுகிற நேரத்தில் சிஸ்டர் ஆணியின் பக்கத்திலேயே பால்கனியில் உட்கார்ந்து, அது பார்க்கிற இடத்தைத் தானும் பார்த்தார். முற்றத்தின் சுவரோரமாக ஒரு நிழல் ஓடியது. கடையின் மாவு அறைக்குள் நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவசரமே இல்லாமல், வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவர்கள் மாதிரி போயின.

"ஓ, அப்படியா சேதி?" என்றார் சிஸ்டர் நாயிடம். கீழே இறங்கிப் போனார்.

கல்லாவில் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். கடைக்காரம்மாவின் வாய்க்கு அஞ்சி அந்தத் தெருவில் பழைய பாக்கி யாரும் வைப்பதில்லை.

"முதலாளி, உங்க மாவு ரூம்ல எலி இருக்கு," என்றார் சிஸ்டர்.

மாவு, கடையில் நின்ற வாடிக்கையாளர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். "எங்க கடையில எலியா? எலியே கிடையாது."

"அப்ப நேத்து கேக்கோட ஓரத்தைக் கடிச்சது யாருங்க, நீங்களா?" என்றார் கடைக்காரம்மா, சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல்.

வாடிக்கையாளர்கள் போனதும் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. பொறி வைத்தார்கள். எலி பொறியில் இருந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் பொறியை விட்டுவிட்டுப் போயிற்று. பூனை வாங்கினார்கள். அது க்ரீம் தின்று கொழுத்து அடுப்படியில் தூங்குகிறது. எலிக்கும் பூனைக்கும் இதுவரை மனஸ்தாபம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே?" என்றார் சிஸ்டர். "ஒரு காலை நேரம் ஆணியை வேலைக்கு எடுத்துப் பாருங்க. எலி புடிச்சா அது மேல இருக்கும், நீங்க வாயைத் தெறக்கக் கூடாது. புடிக்கலைன்னா சாயங்காலம் பண்ணைக்காரர் வண்டி வருது, அனுப்பிடறேன்."

"அதுவா? எலிக்குப் பக்கத்துல நிறுத்தினா எது எலின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"தாடி இருக்கறது நாய்," என்றார் கடைக்காரம்மா. "சரின்னு சொல்லுங்க."

மாவு சரி என்றார். சிஸ்டர் தன் பங்குக்கு நிபந்தனை போட்டார். அறையில் வைத்திருக்கிற எலி மருந்து முழுவதையும் எடுத்துவிட வேண்டும். மருந்து தின்ற எலியைக் கடித்தாலும் நாய்க்கு ஆபத்து. தானே வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்த பிறகுதான் நாய் உள்ளே வரும். பூனை வெளியே இருக்க வேண்டும். யாரும் சத்தம் போடக் கூடாது.

சொன்னபடியே ஞாயிறு காலையில் முழங்காலிட்டு டார்ச் அடித்து, ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் பார்த்தார். மருந்தை எடுத்துவிட்டதாக மாவு சத்தியம் செய்த இடத்திலேயே ஒரு பொட்டலம் கிடைத்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மாவு அறை நீளமானது. இரண்டு பக்கமும் மரப்பலகைகள் மேல் மூட்டைகள். கடைசியில், இப்போது யாரும் பற்றவைக்காத ஒரு பழைய செங்கல் அடுப்பு, பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. மாவு ஒரு முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டார். மேலேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று காரணம் சொன்னார்.

வாசலில் ஆணி குரைக்கவில்லை. அதுதான் சிஸ்டருக்கு ஆச்சரியம். நாள் முழுக்கக் குரைத்த நாய் வாயை இறுக மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் மெல்ல நடுங்க, மூக்கை மட்டும் அசைத்தது. அறுவைசிகிச்சைக்கு முன்னால் கை கழுவிக்கொண்டு நிற்கிற டாக்டர்களிடம் அவர் அந்த அமைதியைப் பார்த்திருக்கிறார்.

"போ," என்றார், ஒரே தடவை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பின்தொடர முடியவில்லை. பலகைக்கு அடியில் ஒரு வால் போயிற்று, அடுத்த பலகைக்கு அடியில் ஒரு தாடி வந்தது. ஒரு கவ்வு, ஒரு உதறு, அவ்வளவுதான். எலியைப் போட்டுவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்ததற்குப் போயிற்று. கடைக்காரம்மா வாசற்படியில் நின்று சாக்குப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, கீழ எறங்கிப் பாருங்க. எலியே கிடையாதுன்னீங்களே, கிடையாத எலியெல்லாம் பையில இருக்கு."

மாவு முக்காலியிலிருந்து இறங்கவில்லை. ஆனால் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "அதோ, சிஸ்டர், அந்தப் பக்கம், அந்தப் பக்கம்," என்று கைகாட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பக்கம் ஓடிய ஒரு கிழட்டு எலி பழைய அடுப்பின் அடியில் இருந்த ஒரு சந்தில் நுழைந்தது. ஆணி பின்னாலேயே பாய்ந்தது. தோள் நுழையவில்லை. மண்ணை வாரி இறைத்தது. தோள் நுழைந்தது. வயிறு. வால். பிறகு ஒன்றும் இல்லை.

உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு குரைப்புக் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

"வந்துடும்," என்றார் கடைக்காரம்மா.

காத்திருந்தார்கள். வரவில்லை. அடுப்பு பழையது, உள்ளே செங்கல் எப்படிக் கிடக்கிறதோ, எங்கே சரிந்திருக்கிறதோ யாருக்கும் தெரியாது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த நினைப்பு வந்தது.

முதலில் அசைந்தவர் மாவுதான். முக்காலியிலிருந்து குதித்து, சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் வயிறு தரையில் படப் படுத்து, சந்துக்குள் வாயை வைத்து, "ஆணி, கண்ணு, வாடா ராஜா, வாடா," என்று கெஞ்சினார். ஒரு பன்னைப் பிய்த்து உள்ளே நீட்டினார்.

"அந்தக் குரல்ல கூப்பிட்டா நானே வரமாட்டேன்," என்றார் கடைக்காரம்மா. ஆனால் அவரும் சாக்குப்பையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் குனிந்திருந்தார். "சுவத்த இடிச்சிடலாமா சிஸ்டர்?"

"யாரும் எதையும் தொடாதீங்க. இடிச்சா அது மேலயே விழும். கூப்பிடவும் வேண்டாம்." சிஸ்டரின் குரல் வார்டில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. படியேறி மேலே போய், அலமாரியைத் திறந்து, ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

அதை அடுப்பின் செங்கல் மேல் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முழம் தள்ளி வைத்தார். தரையோரமாக, புகை போகிற வழிக்குக் கீழே வைத்தபோது கேட்டது. மண்ணைப் பறிக்கிற சத்தம். நடுவில் மூச்சு. கண்ணை மூடிக்கொண்டு அந்த மூச்சைக் கவனித்தார். வேகமாக இருந்தது, ஆனால் ஒரே சீராக இருந்தது. மாட்டிக்கொண்டவன் மூச்சு அப்படி இருக்காது. திக்கித் திக்கி வரும்.

"மாட்டிக்கல. வேலை செய்யுது."

"எவ்ளோ நேரம் செய்யும்?" என்றார் மாவு, படுத்தபடியே.

"அதுவா நிறுத்தாது. அதுதான் பிரச்சனை."

உள்ளே சூடு, புழுதி, தண்ணீர் கிடையாது. முடிகிறவரை தோண்டுகிற சுபாவம். மூச்சு கனத்துக்கொண்டு வருவது அவருக்கே கேட்டது. அழைத்தால் வராது. பன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிடிவாதக்காரனை வெளியே கொண்டுவருவது எப்படி? குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தையல் பிரிக்க வரமாட்டேன் என்ற ஒரு தச்சர் அவர் வார்டில் இருந்தார். டாக்டர்கள் கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப் போனார்கள். சிஸ்டர் தட்டவில்லை. அவருடைய படுக்கையைப் பிரித்துப் போடச் சொல்லி, அலமாரிச் சாமான்களைச் சத்தம் கேட்கிற மாதிரி எடுத்து வைக்கச் சொன்னார். என் சாமானை யார் தொடுகிறார்கள் என்று தச்சர் தானே ஓடி வந்தார்.

சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாவு வழிக்கிற இரும்புத் தகடு ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, அடுப்பின் மறுகோடியில், மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலிட்டார். நாய் தோண்டுகிற வேகத்தில் தரையைப் பரபரவென்று சுரண்ட ஆரம்பித்தார்.

"சிஸ்டர்," என்றார் மாவு பயந்துபோய்.

"பேசாதீங்க. நானும் எலி புடிக்கிறேன்."

சுரண்டினார். நிறுத்தி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். உள்ளே பறிக்கிற சத்தம் நின்றிருந்தது. மறுபடி சுரண்டினார், இன்னும் ஆசையாக, நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. உள்ளே ஒரு உறுமல். நன்றாகவே கேட்டது. தன் வேலையில் வேறொருத்தி கை வைக்கிறாள் என்கிற உறுமல்.

அவர் முழங்காலுக்கு அருகே ஒரு செங்கல் ஆடியது. பிறகு விழுந்தது. கரித்தூள் குபீரென்று கிளம்பியது. அதற்குள்ளிருந்து கரியே உருவான மாதிரி ஒன்று வெளிப்பட்டது. வாயில் அந்தக் கிழட்டு எலி. எலியை சிஸ்டரின் மடியில் போட்டுவிட்டு, அவரைத் தோளால் இடித்துத் தள்ளி, அவர் சுரண்டின அதே இடத்தில் தானே தோண்டத் தொடங்கியது.

கடைக்காரம்மா சிரித்துச் சிரித்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மாவு எழுந்து வந்து நாயைத் தூக்கிக்கொண்டார். முகமெல்லாம் வெள்ளையாக இருந்த மனிதர் ஒரு நொடியில் கறுப்பாகிவிட்டார். "பய உயிரோட இருக்கான், பய உயிரோட இருக்கான்," என்று மனைவியிடம் காட்டினார், மனைவிக்குக் கண் இல்லாத மாதிரி.

செங்கல் விழுந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, அடுப்புக்கு அடியிலிருந்து வெளிச் சாக்கடைவரை ஒரு பாதை போவது தெரிந்தது. எலிகளின் ராஜபாட்டை அதுதான். மத்தியானமே கொத்தனார் வந்து கண்ணாடித் தூளும் சிமென்டும் வைத்து அடைத்துவிட்டுப் போனார்.

சிஸ்டர் ஆணியை மேலே கொண்டுபோய்க் குளிப்பாட்டினார். மூக்கில் ஒரு கடி, உதட்டில் ஒன்று. உப்புத் தண்ணீரால் கழுவி மருந்து வைத்தார். கண்ணில் மண், காதில் கரி. கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ஆணி கையையும் காலையும் நீட்டிக்கொண்டு, எந்த எதிர்ப்பும் இல்லாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நாய் இப்படிக் குறட்டை விடும் என்பது அவருக்குத் தெரியாது.

தம்பி போன் செய்தான். "அக்கா, பண்ணைக்காரர் கிளம்பட்டுமான்னு கேக்கறாரு."

"எதுக்கு?"

"ஆணியக் கூட்டிட்டுப் போக."

"அது வேலைக்குப் போயிட்டு வந்து தூங்குது. மெதுவாப் பேசு," என்றார் சிஸ்டர். "பண்ணைக்காரர் வேணும்னா வேற எதையாவது கட்டிப் போட்டுக்கட்டும்."

அடுத்த வாரமே கடைக்காரம்மாவின் வாய் தன் வேலையைச் செய்தது. பக்கத்துக் காகிதக் கிடங்குக்காரர் வந்து, உங்க நாயை ஒரு நாள் அனுப்புவீங்களா என்று கேட்டார். பிறகு தானியக்கடை. பிறகு பழைய நாற்காலி வைத்திருக்கிற சினிமாக் கொட்டகை. ஒவ்வொரு இடத்திலும் சிஸ்டர் முதலில் போய் டார்ச் அடித்து, மருந்துப் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, ஆட்களை ஓரமாக நிறுத்தினார். வாரத்துக்கு ஒரு முறை பால்கனியில் நாயை ஸ்டூல் மேல் நிறுத்தி, வழுக்காமலிருக்க விரலில் கொஞ்சம் மாவு தொட்டுக்கொண்டு, காய்ந்த முடியைப் பறித்தார். மருந்து அலமாரியை ஒழுங்குபடுத்த இப்போது நேரம் இருப்பதில்லை. அதில் பஞ்சுப்பொதிக்கு நடுவே நாயின் தாடிச் சீப்பு கிடந்தது.

ஒரு சாயங்காலம் மாவு படியேறி வந்தார். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க."

சிஸ்டர் நிமிர்ந்தார். பேச்சு மாறிவிட்டதோ என்று ஒரு நொடி பயந்தார்.

"சர்க்கரை மூட்டைப் பக்கம் ஏதோ சத்தம் கேக்குது. ஆணி சும்மா இருந்தா, காலையில கொஞ்சம் கீழ அனுப்பறீங்களா?"

கொத்தனார் அடைத்த பிறகு அந்த அறையில் எலி ஒன்றுகூட நுழையவில்லை என்று சிஸ்டருக்குத் தெரியும். மாவுக்கும் தெரியும். அவருடைய சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது; அது என்ன என்று ஆணிக்குத் தெரியும். ஏற்கெனவே அவர் காலடியில் போய் நின்று, வாலை விறைப்பாக நிமிர்த்தி, பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மாதிரி சத்தம்?" என்றார் சிஸ்டர்.

"அது, வந்து, எலி மாதிரிதான்."

"சர்க்கரை எலியா?"

"ஏங்க," என்று கீழேயிருந்து கடைக்காரம்மாவின் குரல் வந்தது, "நாயோட விளையாடணும்னா விளையாடணும்னு கேளுங்களேன், எதுக்கு இல்லாத எலியக் கூப்பிடறீங்க?"

மாவின் முகம் சிவந்தது மாவையும் மீறித் தெரிந்தது. சிஸ்டர் கயிற்றை எடுத்து நாயின் கழுத்தில் மாட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தார்.

"அரை மணி நேரம். பன்னு ஒண்ணுதான், அதுவும் பாதி. திரும்பி வந்ததும் கால் கழுவணும்."

"சரி சிஸ்டர்," என்றார் மாவு.

இருவரும் படியிறங்கினார்கள். முதலில் நாய், இழுபட்டுக்கொண்டே வீட்டுக்காரர்.